ஜப்பான் பள்ளிக்கூடத்தில் மனசு அறிவது எப்படி: புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு

ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க வரும் நம்மவர்கள் விசா, வாடகை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். அதன் பிறகு அவர்களை அரிக்கிற கேள்வி ஒன்றுதான். "எல்லாரும் மரியாதையாத்தான் பேசுறாங்க. ஆனா என்னைப் பிடிச்சிருக்கா இல்லையான்னே தெரியலை." சில மாதம் போனால், "இவங்களுக்கு உணர்ச்சியே கிடையாது" என்ற முடிவுக்குச் சிலர் வந்துவிடுகிறார்கள். அந்த முடிவோடு ஊர் திரும்பியவர்களும் உண்டு. எனக்கு அது மிகவும் வருத்தம் தருகிறது. ஷிமானே மாகாணத்தின் நடுநிலைப் பள்ளிகளில், அதாவது 12 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, நெடுங்காலமாகப் பாடம் எடுத்துவருகிறேன். இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிற மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இங்கே உணர்ச்சிக்கென்று நேரமும் இடமும் வழியும் இருக்கின்றன. நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் அது வெளியே வராது. உரிய இடத்தில் கரைபுரண்டு வரும். அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்க வேண்டும். அதற்கான வழிதான் கீழே இருப்பது. ஒன்று மட்டும்: நான் சொல்வது பெரும்பாலும் மேற்கு ஜப்பானின் சின்ன ஊர்களைப் பற்றியது. ஒசாகாவில் வேலை கிடைத்தால் முதல் நாளே உங்களைக் கேலி செய்து சிரிக்கவைப்பார்கள்.

1. முதலில் காலண்டர்

வேலையில் சேர்ந்ததும் பள்ளியின் ஆண்டு அட்டவணையைக் கொடுப்பார்கள். தேர்வுத் தேதிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். எந்த மாதத்தில் மனசு எப்படி இருக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஏப்ரலில் வகுப்புகளைக் கலைத்துப் புதிதாகப் பிரிப்பார்கள். போன வருட நண்பன் பக்கத்து வகுப்புக்குப் போயிருப்பான். ஆசிரியர்களிலும் பலர் வேறு பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்திருப்பார்கள். யார் எப்படி என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் மாதம் அது. அப்போது காணும் இறுக்கமான முகங்கள் உங்களைப் பற்றியவை அல்ல. ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை நீளும் தொடர் விடுமுறை முடிந்ததும் பலருக்கு ஒரு தளர்ச்சி வரும். பிள்ளைகளுக்கு வரும், புதிய ஆசிரியர்களுக்கும் வரும். மே மாதத்தில் கடினமான எதையும் தொடங்காமல் இருப்பது நல்லது.

கோடை விடுமுறை முடியும் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் தொடக்கமும் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நாட்கள். பள்ளிக்குத் திரும்ப முடியாத பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போவது இந்த நாட்களில் கூடுகிறது என்று ஜப்பான் அரசே எச்சரித்துவருகிறது. பள்ளி திறக்கும் நாளில் மற்ற ஆசிரியர்களோடு வாசலில் நில்லுங்கள். முடிந்தவரை பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொல்லுங்கள். அந்த ஒரு நாளுக்காகவே பெயர்களை மனப்பாடம் செய்யலாம்.

இலையுதிர் காலத்தில் விளையாட்டு விழா, கலை விழா, பல பள்ளிகளில் வகுப்புகளுக்கிடையே சேர்ந்திசைப் போட்டி. இந்தப் போட்டியைத் தவறவிடாதீர்கள். வாரக்கணக்கில் பயிற்சி நடக்கும். வாயைத் திறக்காத பையன்களோடு பெண் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். பியானோ வாசிக்கும் பிள்ளை ஒரு நாள் அழுதுகொண்டே வெளியே போகும். முடிவு அறிவிக்கும்போது தோற்ற வகுப்பு மொத்தமும் தேம்பித் தேம்பி அழும், ஜெயித்த வகுப்பும் அழும். உங்கள் வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். அதைப் பார்த்தவர் யாரும் "உணர்ச்சியே இல்லை" என்று பிறகு சொல்ல மாட்டார்.

2. ஆசிரியர் அறையில் செயலைக் கவனியுங்கள்

எல்லா ஆசிரியர்களும் ஒரே பெரிய அறையில், மேஜைகளை எதிரெதிரே போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் துணைத் தலைமையாசிரியர். உள்ளே நுழையும்போது எல்லாருக்கும் கேட்கும்படி "ஒஹாயோ கொசாய்மஸ்" சொல்ல வேண்டும். மாலையில் கிளம்பும்போது "ஒசாகி நி ஷித்சுரே ஷிமாஸ்" என்று, முன்னால் கிளம்புவதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இது வெறும் சடங்கு என்று நினைத்து முணுமுணுத்துவிட்டுப் போகிறவர்களை யாரும் கண்டிக்க மாட்டார்கள். ஆனால் மெல்ல மெல்ல அவர்களிடம் பேச்சு குறைந்துவிடும்.

பாராட்டையும் பாசத்தையும் வார்த்தையாக எதிர்பார்த்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவை வேறு உருவத்தில் வரும். எங்கள் பக்கம் குளிர்காலம் முழுக்க மேகமும் மழையும்தான். "சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே" என்று சொலவடையே உண்டு. அப்படி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் என் மேஜைக் காலில் ஒரு கறுப்புக் குடை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பிடியில் துணைத் தலைமையாசிரியரின் பெயர்ச் சீட்டு. அவர் ஏதோ கோப்பில் தலையைக் கவிழ்த்திருந்தார். நிமிரவே இல்லை. அன்று காலையில்தான் என் பாடத் திட்டத்தை முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் திருத்தச் சொல்லித் திருப்பித் தந்திருந்தார். இரண்டும் ஒரே மனிதர், ஒரே நாள். புதியவர்கள் காலையில் நடந்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது? உடனே சின்னதாக நன்றி சொல்லுங்கள். மறுநாள் குடையைக் காயவைத்து, மடித்துக் கட்டி, ஒரு சிறிய இனிப்புப் பொட்டலத்தோடு திருப்பிக் கொடுங்கள். முக்கியமானது அதற்கு அப்புறம்தான்: அடுத்த வாரம் பேச்சு வரும்போது "அன்றைக்கு ரொம்ப உதவியாக இருந்தது" என்று மறுபடியும் சொல்லுங்கள். நம் வீடுகளில் நெருங்கியவர்களுக்கு நன்றி சொன்னாலே "என்ன பெரிய வார்த்தை" என்பார்கள். இங்கே நேர் எதிர். இரண்டாம் முறை சொல்லும் நன்றியில்தான், செய்ததை நீங்கள் மனசில் வைத்திருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

விடுப்பு எடுத்து ஊருக்குப் போய் வந்தால், தனித்தனியாகச் சுற்றிய தின்பண்டம் ஒரு பெட்டி வாங்கி வந்து ஒவ்வொரு மேஜையிலும் ஒன்று வையுங்கள். நீங்கள் இல்லாத நாளில் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டதற்கு அதுதான் பதில். முறுக்கு, கடலை மிட்டாய் எல்லாம் நன்றாகவே போகும்; காரம் மட்டும் குறைவாக இருக்கட்டும்.

"குளிராக இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் "ஆமாம், குளிர்தான்" என்று சொல்லுங்கள். உங்களுக்குக் குளிராவிட்டாலும் சொல்லுங்கள். வெப்பநிலையைப் பற்றி அவர் உங்கள் கருத்தைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்கிறார்.

3. வகுப்பின் மௌனமும் சிரிப்பும்

"யாருக்கு விடை தெரியும்?" என்று கேட்டால் ஒரு கையும் உயராது. தெரியாததால் இல்லை. நண்பர்கள் முன்னால் தனியாக எழுந்து சரியாகச் சொல்வதும் கஷ்டம், தவறாகச் சொல்வதும் கஷ்டம். கேள்வியைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு அரை நிமிடம் பேசச் சொல்லுங்கள். அறையே கலகலத்துவிடும். அதன் பிறகு "உங்கள் இரண்டு பேர் சொன்னது என்ன?" என்று கேட்டால் பதில் வரும். ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் தூக்கிவைத்துப் புகழாதீர்கள், அடுத்த முறை அது வாயே திறக்காது. பாராட்டை நோட்டில் வையுங்கள். இங்கே ஆசிரியர்கள் சிவப்புப் பேனாவால் சுழித்து, சுற்றிலும் இதழ் வரைந்து ஒரு பூ போடுவார்கள், ஹனமாரு என்று பெயர். பதினைந்து வயதுப் பையன், மீசை அரும்பியவன், யாரும் பார்க்காதபோது அந்தப் பூவை விரலால் தடவிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். முதல் வாரத்திலேயே அதை நன்றாக வரையப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கண்டிக்கும்போது சிரிக்கிற பிள்ளை. நம் ஊர் ஆசிரியருக்குச் சட்டென்று கோபம் வருகிற இடம் இது. அந்தச் சிரிப்பு திமிர் இல்லை. கூச்சமும் பயமும் தாங்காமல் முகம் தேடிக்கொள்கிற ஒளிவிடம். உங்கள் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பதும் அலட்சியம் இல்லை. குரலைத் தாழ்த்தி, வகுப்புக்கு வெளியே கூட்டிப்போய், இரண்டே வாக்கியத்தில் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இந்தச் சிரிப்பைப் பற்றி முதலில் கவனமாக எழுதிய வெளிநாட்டு ஆசிரியர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். லஃப்காடியோ ஹெர்ன் 1890-இல் ஷிமானேயின் தலைநகரான மாட்சுவேக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தார். ஓராண்டுக்குச் சற்று மேல் இங்கிருந்துவிட்டு குமமோட்டோவுக்கும் பிறகு டோக்கியோவுக்கும் போனார். மாட்சுவேப் பெண்ணை மணந்து, ஜப்பானியக் குடியுரிமை பெற்று, 1904-இல் டோக்கியோவில் இறந்தார். யோகோஹாமாவில் ஒரு வெளிநாட்டு வீட்டில் வேலை பார்த்த பெண்ணைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். கணவன் இறந்துவிட்டதாகச் சிரித்த முகத்தோடு சொல்லி விடுப்புக் கேட்கிறாள். மாலையில் அஸ்திக் கலசத்தோடு திரும்பி வந்து, இதுதான் என் கணவர் என்று சொல்லிச் சிரிக்கிறாள். எஜமானி அதிர்ந்துபோகிறாள். தன் துக்கம் அடுத்தவரை வாட்டக்கூடாது என்ற மரியாதைதான் அந்தச் சிரிப்பு என்கிறார் ஹெர்ன். நூற்றுமுப்பது வருடம் கழிந்தும், நோயையோ தோல்வியையோ சொல்லும்போது சிரிக்கிற சக ஆசிரியரை நீங்கள் பார்ப்பீர்கள். நீங்களும் சேர்ந்து சிரித்துவிடாதீர்கள். தலையை லேசாகத் தாழ்த்துங்கள், அது போதும்.

4. நோட்டின் நடு வரி

இதை நிதானமாகப் படியுங்கள். ஜப்பானியப் பிள்ளைகளின் மனசை நான் தெரிந்துகொண்டது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் தினமும் மூன்று நான்கு வரி எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுக்கும். செய்கத்சு நோட்டு என்பார்கள். நாளைய பாடவேளை, கொண்டுவர வேண்டிய பொருள், அதன் கீழே அன்றைய நாளைப் பற்றிச் சில வரிகள். காலையில் நோட்டுகள் அடுக்காக வந்து சேரும். பள்ளி விடுவதற்குள் ஆசிரியர் ஒவ்வொன்றையும் படித்துச் சிவப்பில் பதில் எழுதித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். முப்பது முப்பத்தைந்து நோட்டு. மதிய உணவுத் தட்டை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு எழுதுகிற ஆசிரியர்களைப் பார்க்கலாம்.

வகுப்பாசிரியர் அனுமதியோடு எனக்குக் காட்டிய ஒரு பக்கம் மறக்கவில்லை. வகுப்பில் குரலே கேட்காத ஒரு பெண் எழுதியது. "இன்று மதியச் சாப்பாட்டில் கறிச் சோறு. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நாளை கணக்குத் தேர்வு." அவ்வளவுதான். மூன்று வரிக்கும் ஒரே கையெழுத்து, ஒரே அழுத்தம். வகுப்பாசிரியர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுதினார்: "தேர்வு முடிந்ததும் நூலகத்தில் புத்தகம் அடுக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. வருகிறாயா?" அம்மாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. எனக்கு முதலில் அது கல்நெஞ்சமாகப் பட்டது. மறுநாள் மாலை இருவரும் அலமாரிக்கு எதிரே நின்று புத்தகங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை, கைக்கு வேலை இருக்கிறது, யாரும் வரப்போவதில்லை. அந்தப் பெண் அங்கே பேசினாள். என்ன பேசினாள் என்று வகுப்பாசிரியர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் நோட்டில் "நேற்று நன்றி" என்று மட்டும் இருந்தது.

உதவி ஆசிரியராக வரும் உங்களுக்கு இந்த நோட்டின் மீது உரிமை இல்லை, ஆனால் இதே வழியை நீங்களும் அமைத்துக்கொள்ளலாம். வகுப்பாசிரியரிடம் கேட்டுவிட்டு, வாரம் ஒரு முறை ஒரு சின்ன அட்டையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பிழை திருத்தாதீர்கள். பிழைக்குச் சிவப்பு மை போட்ட அன்றே மனசு திறப்பது நின்றுபோகும். நடு வரியைப் படியுங்கள், முக்கியமானதை முதலிலோ கடைசியிலோ எழுத மாட்டார்கள். பதில் சுருக்கமாக இருக்கட்டும், அன்றே திரும்பிப் போகட்டும். அட்டையில் எழுதியதை நேரில் பார்க்கும்போது நீங்களாக எடுக்காதீர்கள். பிள்ளை எடுத்தால் பேசலாம். எல்லார் எதிரிலும் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று அன்பாகக் கேட்டால்கூட அந்த வழி அடைபட்டுப்போகும்.

5. ஒரு பிள்ளை கஷ்டத்தில் இருந்தால்

"தாய்ஜோபு?" என்று கேட்டால் "தாய்ஜோபு" என்றுதான் பதில் வரும். சரியாக இருக்கிறேன் என்பதைத் தவிர வேறு பதில் அந்தக் கேள்விக்கு இல்லை. பதிலாக, பக்கத்தில் போய் ஏதாவது வேலை செய்யுங்கள். தினமும் பிள்ளைகளே வகுப்பையும் தாழ்வாரத்தையும் சுத்தம் செய்யும் நேரம் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஹோகென்ஷித்சு என்ற சுகாதார அறை இருக்கும், அதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருப்பார். வயிற்றுவலி என்று அங்கே அடிக்கடி போகிற பிள்ளைக்குப் பல சமயம் வலி வயிற்றில் இருக்காது. அந்த ஆசிரியர் அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். காய்ச்சல் பார்ப்பார், படுக்கை கொடுப்பார், கேட்டுக்கொண்டிருப்பார். வகுப்புக்குள் நுழைய முடியாமல் அந்த அறைக்கு மட்டும் வந்து போகிற பிள்ளைகளும் உண்டு. அவரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் மனசு முழுக்க அவருக்குத் தெரியும்.

ஒரு பிள்ளை உங்களிடம் கொடுமைப்படுத்தலைப் பற்றியோ வீட்டில் நடக்கும் வன்முறையைப் பற்றியோ சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றே வகுப்பாசிரியரிடமோ துணைத் தலைமையாசிரியரிடமோ சொல்லுங்கள். கொடுமைப்படுத்தலைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்திருக்கிறது. அதற்கென ஒரு குழு ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தாக வேண்டும். நீங்கள் வெளிநாட்டவர் என்பதாலேயே சில பிள்ளைகள் உங்களிடம் முதலில் சொல்லும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் வழி, தனியாகச் சுமக்காமல் சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான்.

இந்த ஏற்பாட்டில் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். 2023 கல்வியாண்டில் நோயோ பணக் கஷ்டமோ காரணமாக இல்லாமல் 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராமல் இருந்த தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 3,46,000-க்கும் மேல். நோட்டிலும் எழுத முடியாத, சுகாதார அறைக்கும் வர முடியாத பிள்ளைகள் அவர்களில் உண்டு. வராத பிள்ளையின் மேஜையில் அன்றைய தாள்கள் சேர்ந்துகொண்டே போகும். உங்கள் பாடத்தின் தாளிலும் ஒரு வரி கையால் எழுதி அதில் வையுங்கள். வகுப்பாசிரியர் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது அதுவும் போகும்.

6. மறுப்பு, மன்னிப்பு

நீங்கள் ஒரு யோசனை சொல்கிறீர்கள். எதிரில் இருப்பவர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து, "சொத்தோ..." (கொஞ்சம்...) என்று நிறுத்திவிடுகிறார். முடிந்தது, பதில் வந்துவிட்டது. "ஏன்?" என்று துருவாதீர்கள். "சரி, வேறொரு சமயம் பார்ப்போம்" என்று நீங்களே பின்வாங்கிக் கொடுங்கள். அவருக்கு அது பெரிய நிம்மதி. நீங்கள் பேசும்போது தலையாட்டி "ஹாய், ஹாய்" (ஆமாம், ஆமாம்) என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யோசனையைக் கூட்டத்தில் முதன்முதலாக எடுக்க வேண்டாம். முன்கூட்டியே சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்தால், கூட்டத்தில் அது தானாக நிறைவேறும்.

மன்னிப்பில் நமக்கும் அவர்களுக்கும் வரிசை மாறுகிறது. நாம் காரணத்தைச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்போம். இங்கே மன்னிப்பு முதலில், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்பது அடுத்து, காரணம் கேட்டால் மட்டும். ரயில் தாமதமானால் நிலையத்தில் தாமதச் சான்றுச் சீட்டே கொடுப்பார்கள். அது கையில் இருந்தாலும் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சீட்டை நீட்ட வேண்டும்.

7. விருந்து

டிசம்பரில் வருடக் கடைசி விருந்து, மார்ச்சில் வழியனுப்பு, ஏப்ரலில் வரவேற்பு. குடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஊலாங் தேநீர் போதும். சைவம் என்றால் ஏற்பாடு செய்பவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், மீன் சாறு சேராத பண்டம் அபூர்வம். உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பாமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் ஆனதும் பேசாதவர்கள் பேசுவார்கள். உங்கள் வகுப்பு நன்றாக இருந்தது என்ற சொல் அங்கேதான் வரும், சில சமயம் மனக்குறையும் வரும். மறுநாள் காலை அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். நீங்களும் "நேற்று நன்றி" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. துக்க வீடு

சக ஆசிரியரின் பெற்றோர் இறந்தால் அறையில் ஒரு தாள் சுற்றி வரும். மாலையில் நடக்கும் அஞ்சலிக்குப் போவதா, காணிக்கையை ஒன்றாகச் சேர்த்து அனுப்புவதா என்று மூத்தவரிடம் கேளுங்கள். தனியாகக் கொடுப்பதானால் 3,000 அல்லது 5,000 யென். கறுப்பு வெள்ளைச் சரடு கட்டிய உறை கடையிலேயே கிடைக்கும். பெயரை வெளிறிய மையில் எழுத வேண்டும், அதற்கென்றே பேனா விற்கிறார்கள். புத்தம்புது நோட்டு வைக்கக்கூடாது, சாவை எதிர்பார்த்துத் தயாராக வைத்திருந்தது போலாகிவிடும். புது நோட்டுதான் இருக்கிறது என்றால் ஒரு மடிப்பு மடித்து வையுங்கள்.

அங்கே கட்டிப்பிடித்து அழுவது, கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் கிடையாது. வரிசையில் நின்று, சாம்பிராணித் தூளைக் கிள்ளித் தணலில் போட்டு, கைகூப்பி, குடும்பத்தாருக்குத் தலை வணங்கிவிட்டு வர வேண்டும். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சில நாள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பும்போது எல்லார் மேஜையிலும் தின்பண்டம் வைத்து, சிரமம் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்பார். அந்த வாரம் அவருடைய மதிய உணவுக் கண்காணிப்பையோ வாசல் கடமையையோ நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் துக்கம் விசாரிக்கப் போய் உட்கார்ந்திருப்பதற்கு இங்கே அதுதான் சமம்.

9. உங்கள் மனசு

இவ்வளவும் தெரிந்திருந்தாலும் தனிமை வரும். முதல் குளிர்காலம், ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும் டிசம்பர், பலரை வீழ்த்துகிறது. மனசைக் கொட்டிப் பேசிப் பழகியவர்கள் நாம். அந்தத் தேவையைப் பள்ளிக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வீட்டாரோடு பேச வாரத்தில் நிலையான ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பாட்டுக் குழுவோ, பூப்பந்துக் குழுவோ, ஏதாவது ஒன்றில் சேருங்கள். சேர்ந்து ஒரு காரியம் செய்கிற இடத்தில்தான் இங்கே நட்பு முளைக்கிறது. உட்கார்ந்து பேச மட்டும் ஆள் தேடினால் கிடைப்பது அரிது. நிலைமை மோசமானால் காத்திருக்காதீர்கள். ஜப்பானில் 1973 முதல் டெல் என்ற அமைப்பு ஆங்கிலத்தில் தொலைபேசி வழி ஆதரவு தந்துவருகிறது. தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள்.

10. மார்ச்

பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு உடை, பையில் கைக்குட்டை. ஒத்திகை பல நாள் நடக்கும்: எப்போது எழுவது, எந்தக் கோணத்தில் குனிவது, சான்றிதழை எந்தக் கையால் முதலில் பிடிப்பது. இவ்வளவு ஒத்திகை பார்த்த விழாவில் என்ன உணர்ச்சி இருக்கும் என்று தோன்றும். விழா நாளில் பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவரும் "ஹாய்" என்று குரல் கொடுப்பார்கள். வருடம் முழுக்க உங்களுக்குக் கேட்காத குரல்கள் கூரை வரை கேட்கும். பாட்டின் பாதியில் முன்வரிசை உடையும். விறைப்பான உடற்பயிற்சி ஆசிரியரின் தோள் குலுங்கும். அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதால்தான் துணிந்து அழ முடிகிறது என்று நான் நம்புகிறேன். அதன் பிறகு வகுப்பறையில் கடைசி ஒரு மணி நேரம், பின்னால் பெற்றோர் நிற்பார்கள். வகுப்பாசிரியர் கூப்பிட்டால் அங்கே போங்கள், கூப்பிடாவிட்டால் தாழ்வாரத்தில் நில்லுங்கள். அது அவர்களுடைய நேரம்.

மாதக் கடைசியில் ஆசிரியர் மாற்றல் பட்டியல் உள்ளூர்ப் பத்திரிகையில் வரும். உங்களுக்கு மிக நெருங்கியவர் முன்னதாகச் சொல்லியிருக்க மாட்டார். அறிவிப்பு வரும் வரை சொல்லக்கூடாது என்பது விதி, அதற்காக வருத்தப்பட வேண்டாம். நீங்களே கிளம்புகிறீர்கள் என்றால், ஷிகிஷி என்ற தடித்த சதுர அட்டை கைக்கு வரும். நடுவில் உங்கள் பெயர், சுற்றிலும் ஒவ்வொருவரும் வண்ணப் பேனாவில் எழுதியது. யார் எதைக் கவனித்தார்கள், எந்த வகுப்பை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும். அங்கேயே நின்று வாசிக்காதீர்கள், இரு கையாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் வாசியுங்கள். மறுநாள் மேஜை மேஜையாகப் போய்த் தனித்தனியாக விடைபெறுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் புத்தாண்டு வாழ்த்து அட்டை அனுப்புங்கள். இப்போது பலர் நிறுத்திவிட்டார்கள் என்றாலும் வெளிநாட்டிலிருந்து வருவதை வைத்துப் பார்ப்பார்கள். நவம்பரில், அல்லது டிசம்பர் தொடக்கத்தில், வீட்டில் இறப்பு நேர்ந்ததால் இந்த வருடம் வாழ்த்து இல்லை என்று யாரிடமிருந்தாவது சாம்பல் நிற அட்டை வந்தால், அவருக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்பக்கூடாது. ஜனவரி 7 கழிந்ததும் "குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தனியாக ஒரு அட்டை எழுதிப் போடலாம். இறப்பைப் பற்றி ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.